பெயர்வெளி: வலைநிரல் நூலகங்கள் பெயர் பெற்ற வரலாறு

மலேசியத் தமிழர் தம் பெயரை இரண்டு ஒழுங்குகளில் எழுதப் பழகியவர்கள். திருமண அழைப்பிதழிலும் ஆலய நன்கொடைப் பட்டியலிலும் தந்தையின் பெயரெழுத்து முதலில் நிற்கும். தம் பெயர் பின்னே வரும். அடையாள அட்டையில் தம் பெயர் முதலில் நின்று, மகன் அல்லது மகள் என்பதைக் குறிக்கும் மலாய்க் குறுக்கம் இடையில் அமைந்து, தந்தையின் பெயர் இறுதியில் வரும். முன்னது பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குகிறது. பின்னது சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறுகிறது. ஒழுங்கு வேறாயினும் இரண்டின் பணியும் ஒன்றே. ஒரு தோட்டத்தில் நான்கு முனியாண்டிகள் இருந்தால் எந்த முனியாண்டி என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சங்கத் தொகைகளை ஒழுங்குபடுத்தியோரும் இத்தேவையை உணர்ந்திருந்தனர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் பெயரில் ஊரும் தொழிலும் முன்னே நின்று ஆளைச் சுட்டுகின்றன. மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரும் அவ்வாறே. முன்னொட்டு ஏதுமின்றி வழங்கிய ஔவையார் என்னும் பெயரிலோ, எத்தனை புலவர் வாழ்ந்தனர் என்னும் ஆராய்ச்சி இன்றளவும் ஓய்ந்தபாடில்லை.

கணினி நிரலாக்கத்தில் இப்பணியைச் செய்வதே பெயர்வெளி. நிரல் எழுதுவோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதி வைத்த நூலகங்களிலிருந்து தமக்கு வேண்டிய நிரல்கூறுகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்வர். இருவர் தத்தம் கூறுக்கு ஒரே பெயரை இட்டிருப்பின் கணினி எதை எடுக்கும்? அதனைப் பிரித்தறிய இடப்படும் முன்னொட்டுகளின் ஒழுங்கமைப்பே இக்கட்டுரையின் பொருள். குறிப்பாக வலைக்குரிய நூலகங்களை எடுத்துக்கொண்டோம். 1990களில் வைய விரிவு வலை பரவியபோது, ஒருவரையொருவர் அறியாத ஆயிரக்கணக்கானோர் ஏறத்தாழ ஒரே வேலைக்கு நிரல் எழுதத் தொடங்கினர். எல்லாருக்கும் ஒரு 'வேண்டுகோள்' கூறு தேவைப்பட்டது. ஒரு 'வழங்கி' கூறு தேவைப்பட்டது. பெயர் நெருக்கடி முதலில் அங்கேதான் முற்றியது.

பெயரிடுவதற்கு அடிப்படையில் இரண்டு வழிகளே உள்ளன என்பது நம் கருத்து. இது என்ன என்று சொல்லிப் பெயரிடலாம். இது யாருடையது என்று சொல்லிப் பெயரிடலாம். முன்னதைப் பொருள்வழி என்போம். பின்னதை உரிமைவழி என்போம். கடந்த முப்பது ஆண்டுகளின் வரலாறு இவ்விரண்டுக்கும் இடையே நடந்த ஊசலாட்டமாகவே தோன்றுகிறது.

பெர்ல் மொழியினர் பொருள்வழியைத் தேர்ந்தனர். அம்மொழியின் ஐந்தாம் பதிப்பு 1994 அக்டோபரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் 'சிபான்' எனப்படும் பொதுக்காப்பகம் தோன்றியது. கலிபோர்னியாவின் எர்வைன் பல்கலைக்கழகத்தில் ராய் பீல்டிங் தொடங்கிய வலை நூலகத்தைக் கிஸ்லெ ஓஸ், மார்ட்டைன் கோஸ்டர் ஆகியோர் புதிய பதிப்புக்கேற்ப மாற்றியமைத்தனர். அதன் கூறுகள் 'எச்டிடிபி', 'எச்டிஎம்எல்', 'யூஆர்ஐ' என்னும் தலைப்புகளின்கீழ் நின்றன. எழுதியவரின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ அவற்றில் இல்லை. நூலகர் ஒருவர் அடுக்குகளுக்கு எண்ணிடுவதைப் போன்ற ஒழுங்கு அது. மனித மொழிகளுக்கென 'லிங்குவா' என்றொரு தலைப்பும் உண்டு. அதன்கீழ் ஈரெழுத்து மொழிக்குறியீடு வரும் என்பது வழக்கம். பெயர்களைக் குறித்து ஆலோசனை கூறவும் பட்டியலைப் பேணவும் தன்னார்வலர் சிலர் இருந்தனர். மனிதர் இருந்து பார்த்துக்கொண்டவரை அம்முறை நன்றாகவே நடந்தது.

பைத்தான் மொழியில் நேர்ந்தது வேறு. அதன் செந்தர நூலகத்தில் வலைக்கூறுகள் ஒவ்வொன்றும் தோன்றிய காலத்தில் கிடைத்த பெயரோடு தனித்தனியே நின்றன. 'யூஆர்எல்லிப்' என்றொன்று, அதனை மேம்படுத்த எழுதியது 'யூஆர்எல்லிப்2', முகவரியைப் பகுக்க 'யூஆர்எல்பார்ஸ்', இணைப்புக்கு 'எச்டிடிபிலிப்'. சில சிறிய எழுத்தில் தொடங்கின. 'குக்கி' போன்ற சில பெரிய எழுத்தில் தொடங்கின. வழங்கிக்கு மட்டும் மூன்று கூறுகள், மூன்று பெயர்கள். திட்டமிடாமல் வளர்ந்த புறம்போக்குக் குடியிருப்பு அது எனலாம். பிரெட் கேனன் முன்வைத்த 3108ஆம் இலக்க முன்மொழிவின்படி இவற்றை இடித்துக் கட்டினர். 2008 டிசம்பர் 3ஆம் நாள் வெளியான மூன்றாம் பதிப்பில் 'எச்டிடிபி' என்னும் ஒரே தலைப்பின்கீழ் வாடிக்கைக் கூறும் வழங்கிக் கூறும் குக்கிக் கூறுகளும் வந்தன. 'யூஆர்எல்லிப்' என்பதன்கீழ் வேண்டுகோள், பகுப்பு, பிழை என்னும் பிரிவுகள் அமைந்தன.

ஒழுங்கு அழகியது, விலை பெரியது. பழைய பெயரைச் சொல்லி அழைத்த நிரல் எதுவும் புதிய பதிப்பில் இயங்கவில்லை. இரண்டு பெயர்களையும் ஏற்கும் இடைப்பாலங்களை எழுதிக்கொண்டு நிரலாளர் பல்லாண்டுகள் காலந்தள்ளினர். இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1ஆம் நாளோடு முடியும்வரை இந்த இருமைநிலை நீடித்தது. ஊர்ப்பெயரை அரசிதழில் மாற்றினாலும் பேருந்தில் ஏறுவோர் பழைய பெயரையே கேட்பது போன்றது இது.

உரிமைவழியை முழுமையாகப் பின்பற்றிய மொழி ஜாவா. அதன் வேரைக் காண 1983ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அதுவரை இணையத்தின் முன்னோடி வலைப்பின்னலில் இருந்த கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு ஒரே இடத்தில் பேணப்பட்டன. அக்கோப்பு தாங்காத நிலையில் பால் மொக்கபெட்ரிஸ் ஆள்களப்பெயர் முறையை வகுத்தார். ஒவ்வொரு மேற்களத்தின் பொறுப்பாளரும் தமக்குக் கீழுள்ள பெயர்களைத் தாமே பகிர்ந்தளிக்கலாம் என்பது அதன் உயிர்நாடி. ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் இதனைக் கண்டு ஒரு வழி வகுத்தனர். ஆள்களப்பெயர்கள் ஏற்கெனவே உலகில் தனித்தன்மை உடையவை. அவற்றைத் தலைகீழாக்கி நிரற்பொதிகளுக்கு முன்னொட்டாக்கினால் மோதல் நேராது. புதிய பதிவு அலுவலகமும் வேண்டியதில்லை. சிறியதிலிருந்து பெரியதற்கு ஏறும் முகவரி, பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் பெயராயிற்று. அடையாள அட்டைப் பெயரை அழைப்பிதழ்ப் பெயராக மாற்றி எழுதிய கதைதான்.

ஸ்கூடாயிலிருந்தே சான்று காட்டலாம். இங்கு வளாகம் கொண்டுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆள்களப்பெயர் 'யூடிஎம்.மை'. அங்குள்ள மாணவர் ஒருவர் ஜாவாவில் பொதி எழுதினால் மரபுப்படி அதன் பெயர் 'மை.யூடிஎம்' என்று தொடங்கும். நாடு முதலில், நிறுவனம் அடுத்து. கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆள்களப்பெயரில் கல்வியைக் குறிக்கும் 'எட்யூ' என்னும் இடைப்படி ஒன்று உள்ளமையால் அங்கு அது 'மை.எட்யூ.யூஎம்' ஆகும். ஒரே நாட்டின் இரு பல்கலைக்கழகங்கள், இருவேறு ஆழங்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் 'மை' என்பதை 'என்னுடைய' என்று படித்து மயங்குவதும் உண்டு.

இம்மரபின் தொடக்கநிலையில் முதற்பகுதியைப் பெரிய எழுத்துகளில் எழுதுமாறு மொழிவரையறை கூறியது. பின்னர்ச் சிறிய எழுத்துகளுக்கு மாற்றினர். ஐபிஎம் நிறுவனத்தின் தரவுத்தள இணைப்பிகள் சிலவற்றில் 'காம்' என்பது பெரிய எழுத்தில் நின்றது இப்பழைய விதியின் எச்சம். கல்வெட்டில் காணும் பழைய எழுத்து வடிவத்தைப் போல அது தன் காலத்தைத் தானே சொன்னது.

உரிமைவழிக்கு ஒரு குறை உண்டு: உரிமையாளர் மாறுவர், பெயர் மாறாது. ஜாவாவில் உள்ளமைந்த எளிய வலைவழங்கி ஒன்று 2006இல் வெளியான ஆறாம் பதிப்பிலிருந்து இருக்கிறது. அதன் பொதிப்பெயர் 'காம்.சன்' என்று தொடங்கும். சன் நிறுவனத்தை 2010 சனவரியில் ஆரக்கிள் வாங்கிவிட்டது. ஆனால் பொதியின் பெயர் மாறவில்லை. மாற்றினால் அதனை நம்பி எழுதிய நிரல்கள் முறியும்.

ஜொகூர்த் தமிழருக்கு இது புரியாத செய்தியன்று. இதே ஸ்கூடாயில் உள்ள ரினித் தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்று நிற்பது முத்தியாரா ரினி என்னும் வீடமைப்புப் பகுதியில். சுற்றிலும் கடைகளும் இணைவீடுகளும். பள்ளியின் பெயரில் மட்டும் 'லாடாங்' என்னும் சொல் நிலைத்திருக்கிறது. நாடெங்கும் இடம்பெயர்ந்த தோட்டப் பள்ளிகள் பலவற்றின் நிலை இதுவே. தோட்டம் போயிற்று, பெயர் ஏன் என்று கேட்போர் உண்டு. பெயரை விட்டால் பள்ளியின் உரிமமும் வரலாறும் எதைப் பற்றி நிற்கும் என்று அஞ்சுவோரும் உண்டு. நிரலுலகில் நிகழ்வதும் இதே வழக்காடல்தான். ஒரு வேறுபாடு, அங்கே பெயரை மாற்றினால் பொறி உடனடியாக நின்றுவிடும்.

அவ்வாறு பெயர் மாற்றியே தீரவேண்டிய நிலை ஒருமுறை வந்தது. வழங்கிகளில் இயங்கும் ஜாவா வலைநிரல்களின் அடித்தளக் கூறுகள் 'ஜாவாஎக்ஸ்' என்னும் முன்னொட்டைக் கொண்டிருந்தன. 2017இல் ஆரக்கிள் இத்தொகுப்பை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு அளிக்க முன்வந்தது. நிரல் கைமாறிற்று, வணிகக்குறி கைமாறவில்லை. 'ஜாவா' என்பது ஆரக்கிளின் குறியாதலால், 2018இல் வாக்கெடுப்பு நடத்தித் தொகுப்புக்கு 'ஜகார்த்தா' என்று பெயர் சூட்டினர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் இன்னொரு முடிவு வெளியாயிற்று: 'ஜாவாஎக்ஸ்' முன்னொட்டின்கீழ் உள்ளவற்றைத் திருத்தி வளர்க்க அறக்கட்டளைக்கு உரிமையில்லை. எனவே 2020 டிசம்பரில் வெளியான ஒன்பதாம் பதிப்பில் 'ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்' என்பது 'ஜகார்த்தா.சர்வ்லெட்' ஆயிற்று, ஏனையவும் அவ்வாறே மாறின. டாம்கேட் வழங்கியின் பத்தாம் பதிப்பு புதிய பெயரை ஏற்றது. ஸ்பிரிங் நூலகம் 2022 நவம்பரில் தன் ஆறாம் பதிப்பில் ஏற்றது. உலகெங்கும் வங்கிகளும் அரசுத் துறைகளும் நடத்தும் நிரல்களில், செயற்பாட்டில் எவ்வித மாற்றமுமின்றி, பெயர் வரிகளை மட்டும் திருத்தும் வேலை நடந்தது. இதற்கெனவே பெயர்மாற்றிக் கருவிகளும் எழுதப்பட்டன.

அப்பெயரின் பிறப்பும் சுவையானது. ஜகார்த்தா என்பது முதலில் சன் நிறுவனத்தில் இருந்த ஒரு கூட்ட அறையின் பெயர். அபாச்சி அமைப்பின் ஜாவாத் திட்டமொன்று குறித்த பேச்சுகள் பெரும்பாலும் அவ்வறையில் நடந்தமையால் அத்திட்டத்திற்கு அப்பெயர் வாய்த்தது. பல்லாண்டு கழித்து எக்லிப்ஸ் அதனை எடுத்துக்கொண்டது. நமக்கு அண்டையிலுள்ள ஒரு தீவும் அத்தீவிலுள்ள ஒரு மாநகரும், கலிபோர்னியாவில் நடந்த வணிகக்குறிச் சிக்கல் ஒன்றின் இருமுனைகளாயின.

ஏனைய மொழிகளைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. பிஎச்பி மொழி 2009இல்தான் பெயர்வெளியைப் பெற்றது. அதன் நூலகங்கள் 2012 முதல் கம்போசர் என்னும் கருவியின் வழி 'ஆக்கியோர்/பொதி' என்னும் ஈருறுப்புப் பெயரோடு பகிரப்படுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமோ முன்னொட்டற்ற ஒற்றைப் பெயர்களோடு வளர்ந்தது. 2016 மார்ச்சில் ஒரு பெயரைப் பற்றி எழுந்த பூசலில் மனம் கசந்த நிரலாளர் ஒருவர் தம் பொதிகளை எல்லாம் விலக்கிக்கொண்டார். அவற்றுள் பதினொரு வரியளவே உள்ள ஒரு சிறுகூறும் சென்றதால் எண்ணற்ற திட்டங்களின் கட்டுமானம் சில மணிநேரம் முடங்கியது. முந்தி வந்தவர்க்கே பெயர் என்னும் விதியின் வலுவின்மையை அந்நாள் காட்டிற்று.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழுக்கான நிரல் நூலகங்களுள் பரவலாக அறியப்பட்டது ஓப்பன்-தமிழ். தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் 'எழில்' மொழியை 2007இல் தொடங்கிய முத்தையா அண்ணாமலை இதிலும் முதன்மைப் பங்காற்றியவர். இத்தகைய நூலகம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சான்று போதும். ஒருங்குறியில் 'தமிழ்' என்னும் சொல் ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. நாம் எண்ணுவதோ மூன்று எழுத்து. மூன்று என்று எண்ணித்தரும் கூறு அந்நூலகத்தில் உள்ளது. பழைய எழுத்துருக் குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் கூறும், எண்ணைத் தமிழில் எழுதித்தரும் கூறும் உள்ளன. வலையில் தமிழைக் கையாளும் எவருக்கும் இவை அடிப்படைத் தேவைகள்.

இந்நூலகத்தின் முதன்மைப் பொதிக்கு இட்ட பெயர் 'தமிழ்' என்பதே. உரோமன் எழுத்தில், முன்னொட்டின்றி. ஒருவகையில் அது பெருமிதம். வேறுவகையில், ஔவையார் சிக்கல். மொழி முழுமைக்கும் உரிய பெயரை ஒரு நூலகம் தாங்கி நிற்கிறது. நன்முயற்சி என்பதில் ஐயமில்லை. வேறு எவரும் முன்வராத காலத்தில் முன்வந்தவர் அவர்கள். ஆயினும் பெயர்த் தேர்வின் விளைவைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. அதே நூலகம் எழுத்துப்பெயர்ப்புக்கென நிறுவும் பொதியின் பெயர் 'டிரான்ஸ்லிட்டரேட்' என்னும் பொது ஆங்கிலச் சொல். தமிழோடு தொடர்பில்லாத வேறொரு பைத்தான் நூலகமும் அதே பெயரில் உள்ளது. இரண்டையும் ஒரே கணினியில் நிறுவினால் ஒரே கோப்புறைக்கு இரண்டு உரிமையாளர். 'சொல்திருத்தி' என்று பெயரிட்ட பகுதிக்கு இந்த இடர் இல்லை. தமிழ்ச்சொல்லை வேறு எவர் எடுக்கப் போகிறார்?

தமிழ்ச்சொல்லிலும் ஓர் இடர் உண்டு, அது எழுத்துக்கூட்டல். பைத்தான் மூன்றாம் பதிப்பிலிருந்து நிரலின் உள்ளே தமிழெழுத்தில் பெயரிடலாம். ஜாவா தொடக்கம் முதலே அதற்கு இடமளித்தது. ஆனால் பைத்தான் பொதிகளின் பொதுக்களஞ்சியத்தில் உரோமன் எழுத்தும் எண்ணும் சில குறிகளுமே பெயருக்கு ஏற்புடையன. ஆகவே தமிழ்ச்சொல் உரோமன் உடுத்தித்தான் அங்கே செல்ல வேண்டும். அவ்வுடையோ ஆளுக்கொன்று. ழகரத்தை இரண்டு எழுத்தால் எழுதுவோர் உண்டு. ஒற்றை எழுத்தின்கீழ்க் கோடிடுவோர் உண்டு. மலேசியப் பிறப்புப் பத்திரங்களிலோ பதிவு எழுத்தரின் காதுக்கு எட்டியதே எழுத்து. தகரத்தோடு 'எச்' சேர்ப்பதா வேண்டாவா என்பதும் முடிவாகவில்லை. மனிதர் படிக்கையில் இவ்வேறுபாடுகளைப் பொறுத்துக்கொள்வர். பெயர்வெளி பொறுக்காது, ஓரெழுத்து பிழைத்தாலும் கூறு கிடைக்கவில்லை என்றே விடை வரும்.

ஆள்களப்பெயர்களில் நிலை சற்று முன்னேறியுள்ளது. 2010, 2011 ஆண்டுகளில் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய பெயர்கள் தமிழெழுத்திலேயே மேற்களங்களாக இணையத்தின் வேரில் இடம்பெற்றன. ஸ்கூடாயிலிருந்து பாலத்தைக் கடந்தால் தமிழெழுத்து மேற்களம் உடைய நாடு; இப்பாலோ உரோமன் எழுத்து 'மை'யும் ஜாவி எழுத்து 'மலேசியா'வும் மட்டுமே. அங்கும் வேரின் அடியில் பதிவாகியிருப்பது உரோமன் எழுத்துச் சரமே. தமிழ் அதன்மேல் இட்ட முகம். ஜாவா மரபோ முதற்பகுதி உரோமன் சிற்றெழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது. எனவே தமிழ் மேற்களத்தைத் தலைகீழாக்கிப் பொதிக்குப் பெயரிட அம்மரபில் இடமில்லை.

மாற்றுவழி ஒன்று நம் கண்முன்னே இயங்குகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் 'பயனர்', 'வார்ப்புரு', 'பகுப்பு' என்பவை பெயர்வெளிகளே. அவற்றின் ஆங்கிலப் பெயரைத் தட்டினாலும் அதே பக்கம் வரும். காரணம், அடியில் இருப்பது பெயரன்று, எண்: பயனருக்கு 2, வார்ப்புருவுக்கு 10, பகுப்புக்கு 14. வீடு ஒன்று, வாசல் இரண்டு. நிரல்மொழிகளை வடிவமைத்தோர் இவ்வாறு செய்யவில்லை, பெயரையே வீடாக்கிவிட்டனர்.

பைத்தான் மொழியில் நமக்குப் பயன்படக்கூடிய வசதி 2012இல் வெளியான 3.3ஆம் பதிப்பில் வந்தது. ஒரே தலைப்பெயரைப் பல அமைப்புகள் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைத் தனித்தனியே வெளியிடலாம். பயனர் நிறுவும்போது அவை ஒரே குடையின்கீழ்ச் சேரும். நிபந்தனை ஒன்றே: தலைப்பெயருக்குரிய கோப்புறையில் தொடக்கக் கோப்பு எனப்படும் ஒரு சிறுகோப்பை எவரும் வைக்கக்கூடாது. ஒருவர் வைத்தாலும் அவ்வீடு அவருக்கே உரியதாகிவிடும். 'தமிழ்' என்னும் கோப்புறையில் அச்சிறுகோப்பு இருக்கிறது. அதனை எடுத்தால், அதை நம்பி எழுதிய நிரல்கள் முறியலாம். விட்டுவைத்தால், பேச்சொலிக்கும் எழுத்துருவுக்கும் சொற்பகுப்புக்கும் நூலகம் எழுதும் பிறர் வேறு பெயர் தேடவேண்டும். பழைய பெயரை அதன் உரிமையாளரிடமே விட்டு, தொடக்கக் கோப்பு வைப்பதில்லை என்னும் உடன்பாட்டோடு புதிய பொதுப்பெயர் ஒன்றைத் தொடங்குவதே தக்கது என்பது நம் துணிபு. அதன்கீழ்ப் பிரிவுகள் பொருள்வழி அமையட்டும். யார் எழுதியது என்பதை உரிமக்குறிப்பு சொல்லும்.

இத்தகைய உடன்பாடு தமிழருக்குப் புதிதன்று. எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியாக்கமும் விசைப்பலகை ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பும் இருந்த காலத்தில், 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் செந்தரம் வகுத்தது. 2000இல் உத்தமம் அமைப்பு உருவாயிற்று. அதன் மாநாடுகள் 2001இலும் 2013இலும் கோலாலம்பூரிலேயே நடந்தன. எழுத்துக்கும் விசைக்கும் செய்ததை நிரற்கூறுகளின் பெயருக்கும் செய்வதாயின், முதலில் தீர்க்கவேண்டியது உரோமன் எழுத்துக்கூட்டல்: ழகரத்திற்கு எத்தனை எழுத்து, நெடிலுக்கு எழுத்து இரட்டிக்குமா, தகரத்தோடு 'எச்' வருமா. இம்மூன்றையும் முடிவு செய்தபின் பொதுப்பெயரைத் தேர்ந்து களஞ்சியத்தில் பதிவதற்கு ஒரு பிற்பகல் போதும்.